கண்ணின் ஓசிடி பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் கண் மருத்துவரைப் பார்க்கச் செல்பவர்களில் பலர், மருத்துவரின் அறைக்குள் நுழைவதற்கு முன்பே மங்கலான வெளிச்சமுள்ள ஓர் அறையில் அமரவைக்கப்பட்டு, தாடையைத் தாங்கியில் வைத்து, கருவிக்குள் தெரியும் புள்ளியை மட்டும் பார்க்கும்படி சொல்லப்படுகிறார்கள். சில வினாடிகளில் ஓசிடி எனப்படும் அந்தப் பரிசோதனை முடிந்துவிடுகிறது. என்ன எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று கேட்பதற்குள் அடுத்தவரின் எண் அழைக்கப்பட்டுவிடுகிறது. கண் படமெடுக்கும் அறையில் பணியாற்றும் எனக்குத் தமிழ் தெரியும் என்று அறிந்ததும் பெரியவர்களும் அவர்களுடன் வந்த பிள்ளைகளும் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் கண்ணுக்கு என்ன சிகிச்சை தேவை என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் காட்டும் படம் எப்படி உருவாகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையே நான் விளக்க முடியும்.

விழித்திரையை ஏற்கெனவே புகைப்படம் எடுத்துவிட்டார்களே, ஓசிடி எதற்கு?

பலதுறை மருந்தகத்தில் நீரிழிவு உள்ளவர்களுக்கு எடுக்கப்படும் விழித்திரைப் புகைப்படம், விழித்திரையை நேர் எதிரே நின்று பார்க்கும் படம். தீபாவளிக்கு நம் வீடுகளிலும் வாங்கி வைக்கும் குவே லாப்பிஸ் என்ற அடுக்குக் கேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் அதன் மேற்பரப்பு மட்டுமே தெரியும்; ஒரு துண்டு வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால்தான் எத்தனை அடுக்குகள் இருக்கின்றன, எந்த அடுக்கு உப்பியிருக்கிறது, எங்கே இரண்டு அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது என்பதெல்லாம் புலப்படும். விழித்திரையின் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர், அதாவது இரண்டு மூன்று தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அளவு. அதற்குள் 10 அடுக்குகள் உள்ளன என்று மருத்துவ நூல்கள் வகுத்திருக்கின்றன. ஓசிடி கருவி, கத்தியின்றி, தொடாமல், அந்தக் குறுக்குவெட்டைக் காட்டுகிறது. ஆழத்தில் அது பிரித்துக்காட்டக்கூடிய நுட்பம் ஏறத்தாழ 5 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 200இல் ஒரு பங்கு.

பெயரின் முழு வடிவம் ஆப்டிகல் கொஹிரன்ஸ் டோமோகிராஃபி என்பது. ‘ஆப்டிகல்’ ஒளியைக் குறிக்கிறது. ‘டோமோகிராஃபி’ வெட்டுவெட்டாகப் படமெடுப்பதைக் குறிக்கிறது. ‘கொஹிரன்ஸ்’ என்பது ஒளி அலைகள் ஒன்றோடொன்று இசைந்திருக்கும் தன்மை. இந்த மூன்றாவது சொல்லில்தான் கருவியின் உயிர் இருக்கிறது. அதைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

இதில் கதிர்வீச்சு உண்டா? கண்ணில் காற்று அடிப்பார்களா?

ஊடுகதிர்ப் படத்திலும் சிடி ஸ்கேனிலும் உள்ளதைப் போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. பயன்படுவது வெறும் ஒளி, அதுவும் பெரும்பாலான கருவிகளில் 840 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்பு ஒளி. கண்ணால் ஓரளவே உணரக்கூடியது என்பதால், படமெடுக்கும்போது மங்கலான சிவப்புக் கோடு ஒன்று நகர்வதாகச் சிலர் சொல்வார்கள், அது இயல்பானதே. ஒளியின் வலு சர்வதேசப் பாதுகாப்பு வரம்புக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இதைச் செய்துகொள்வதில் தடையில்லை, மாதந்தோறும் செய்துகொள்பவர்களும் அஞ்ச வேண்டியதில்லை.

‘புஸ்’ என்று காற்றடிப்பது கண்ணின் அழுத்தத்தை அளக்கும் வேறொரு கருவி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. காற்றடிக்கப் போகிறார்கள் என்று எதிர்பார்த்துக் கண்ணை இறுக்கிக்கொண்டால் ஓசிடி படம் கெட்டுவிடும் என்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

ஒளியைக் கொண்டு எப்படிக் குறுக்குவெட்டுப் படம் எடுக்க முடிகிறது?

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்டு ஸ்கேனை அறிந்தவர்களுக்கு அடிப்படை எளிதில் விளங்கும். அங்கே ஒலியை உள்ளே அனுப்பி, எதிரொலி திரும்பிவர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கிறார்கள். ஓசிடியும் அதைப்போலவே எதிரொளியைக் கொண்டு ஆழத்தை அறிகிறது. ஆனால் ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். 10 மைக்ரான் தூரத்தைக் கடக்க அதற்குத் தேவைப்படும் நேரம், ஒரு வினாடியை 30 லட்சம் கோடிக் கூறுகளாகப் பிரித்தால் அவற்றில் ஒரு கூறு. அவ்வளவு சிறிய கால இடைவெளியை நேரடியாக அளக்கக்கூடிய மின்னணுக் கடிகாரம் கிடையாது.

ஆகவே நேரத்தை அளப்பதற்குப் பதிலாக ஒப்பிட்டுப் பார்க்கும் வழி கையாளப்படுகிறது. ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கண்ணுக்குள்ளும் மறு பாதியைத் தூரம் தெரிந்த ஓர் ஆடிக்கும் அனுப்புகிறார்கள். இரண்டும் திரும்பிவந்து சேரும்போது, அவை கடந்த தூரம் ஏறத்தாழச் சமமாக இருந்தால் மட்டுமே அலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் ‘குறுக்கீட்டு விளைவு’ என்று பள்ளி இயற்பியலில் படித்த அந்த வரிகளை உண்டாக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஆல்பர்ட் மைக்கல்சன் அமைத்த ஒளிக் கருவியின் அமைப்பும் இதுதான். சாதாரண லேசர் ஒளி நீண்ட தூரத்துக்கு இசைவு குலையாமல் செல்லும் என்பதால், எந்த ஆழத்திலிருந்து வந்தது என்பதைப் பிரித்தறிய அது உதவாது. வேண்டுமென்றே பல அலைநீளங்கள் கலந்த, சில மைக்ரான் தூரத்துக்குள்ளேயே இசைவு முடிந்துவிடுகிற ஒளியைப் பயன்படுத்தினால், ஆடியின் தூரத்தோடு மிக நுட்பமாகப் பொருந்திய அடுக்கு மட்டும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கலந்திருக்கும் அலைநீளங்களின் பரப்பு விரிய விரிய, பிரித்துக்காட்டும் நுட்பமும் கூடும்.

முதல் தலைமுறைக் கருவிகளில் அந்த ஆடியை முன்னும் பின்னும் நகர்த்தி ஒவ்வோர் ஆழமாகத் தேடினார்கள். அதனால் வினாடிக்குச் சில நூறு ஆழக்கோடுகளை, அதாவது ஒரு புள்ளியில் மேலிருந்து அடிவரை அளந்த கோடுகளைத்தான் எடுக்க முடிந்தது. இன்றைய கருவிகளில் ஆடி நகர்வதில்லை. திரும்பிவரும் ஒளியை வானவில்லைப் போல நிறம் நிறமாகப் பிரித்தால் அதில் ஏற்ற இறக்கங்கள் தெரியும். ஆடியின் தூரத்திலிருந்து ஓர் அடுக்கு எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு நெருக்கமாக அந்த ஏற்ற இறக்கங்கள் அமையும். ஃபூரியே உருமாற்றம் என்ற கணக்கைச் செய்தால் எல்லா ஆழங்களும் ஒரே நேரத்தில் பிரிந்து வந்துவிடுகின்றன. வினாடிக்குப் பல்லாயிரம் கோடுகள், சில கருவிகளில் ஒரு லட்சத்துக்கும் மேல், எடுக்க முடிவது இதனால்தான். பரவலாகப் பயன்படும் ஒரு முறையில், விழித்திரை மையத்தில் 6 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் பரப்பை 128 வெட்டுகளாகவும் ஒவ்வொரு வெட்டையும் 512 ஆழக்கோடுகளாகவும் எடுக்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் 65,536 கோடுகள். இரண்டு மூன்று வினாடிகளில் முடிந்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் யார்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, டேவிட் ஹுவாங், எரிக் ஸ்வான்சன் முதலானோர் அடங்கிய குழு 1991இல் இதை வெளியிட்டது. 1993இல் உயிருள்ள மனிதக் கண்ணின் விழித்திரை படமாக்கப்பட்டது. 1996இல் கருவி விற்பனைக்கு வந்தது. மேற்சொன்ன மூவருக்கும் 2023இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. தன் கண்ணில் ஊசி போட வேண்டுமா வேண்டாமா என்று மருத்துவர் திரையைப் பார்த்து முடிவெடுக்கும்போது, அந்தத் திரை 1990க்கு முன் கண் மருத்துவத்தில் கிடையாது என்பதை எண்ணிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

பரிசோதனையின்போது நான் என்ன செய்ய வேண்டும்?

தாடையைத் தாங்கியிலும் நெற்றியைப் பட்டையிலும் நன்றாகப் பதிக்க வேண்டும். நெற்றி பின்வாங்கினால் படம் திரையின் விளிம்பைத் தாண்டிப் போய்விடும் என்பதால், ஊழியர் உங்கள் தலையை மெல்ல முன்னே தள்ளினால் தவறாக எண்ண வேண்டாம். உள்ளே தெரியும் சிலுவைக் குறியையோ புள்ளியையோ மட்டும் பாருங்கள். நகரும் சிவப்புக் கோட்டைப் பின்தொடராதீர்கள். இயல்பாகக் கண் சிமிட்டுங்கள், பிறகு ‘இமைக்காதீர்கள்’ என்று சொல்லும்போது அகல விழித்து நிறுத்துங்கள்.

குறி தெரியவில்லை என்றால் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். விழித்திரையின் மையம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தக் குறி தெரியாது, ஆனால் ‘தெரியவில்லை’ என்று சொன்னால் திட்டுவார்களோ என்று அஞ்சி, தெரிகிறது என்று தலையாட்டிவிடுகிற பெரியவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். அப்போது கண் வேறெங்கோ பார்க்க, மையத்தை விட்டுப் பக்கத்து இடம் படமாகிவிடும். மறைக்காமல் சொன்னால், மற்றக் கண்ணுக்கு வெளிப்புற விளக்கைக் காட்டி இந்தக் கண்ணை நேராக நிறுத்த வழி இருக்கிறது. ஊழியர் பேசும் ஆங்கிலமோ மாண்டரினோ புரியாவிட்டாலும் சொல்லுங்கள், அல்லது உடன் வந்த பிள்ளையை அருகில் நிற்கவைக்க முடியுமா என்று கேளுங்கள். ‘மேலே பாருங்கள், இமைக்காதீர்கள், முடிந்துவிட்டது’ என்ற மூன்று வாக்கியங்கள் தாய்மொழியில் கேட்டால் போதும், அதுவரை அலைந்துகொண்டிருந்த கண் நிலைத்துவிடுகிறது.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுத்தான் எடுக்க வேண்டுமா?

பெரும்பாலோருக்கு ஓசிடிக்காக மட்டும் தேவையில்லை. முதுமையாலோ நீண்டகால நீரிழிவாலோ கண்பாப்பா மிகவும் சுருங்கியிருப்பவர்களுக்கும் கண்புரை உள்ளவர்களுக்கும் விரித்து எடுத்தால் படம் தெளிவாகும். ஆனால் அதே நாளில் மருத்துவர் விழித்திரை முழுவதையும் நேரில் பார்க்க வேண்டியிருப்பதால் எப்படியும் சொட்டு மருந்து விடப்படலாம். அது வேலை செய்ய 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். சில மணி நேரத்துக்குப் பக்கத்து எழுத்து மங்கலாகவும் வெயில் கூச்சமாகவும் இருக்கும். அன்று கார் ஓட்டி வராதீர்கள். கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள்.

ஒரே கண்ணை ஏன் மீண்டும் மீண்டும் எடுக்கிறார்கள்? ஏதேனும் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. ஒரே வெட்டைப் பல முறை எடுத்து அவற்றின் சராசரியைக் கணக்கிட்டால்தான் படத்தில் மணல் தூவியதைப் போல இருக்கும் புள்ளிகள் குறைந்து அடுக்குகள் தெளியும். ‘இன்னும் கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்வது அதற்காகத்தான். இன்னொரு காரணம் கண் வறட்சி. கருவிழியின் மேல் கண்ணீர்ப் படலம் காய்ந்தால், அது பனி படிந்த சன்னலாகிவிடும். நாள் முழுவதும் குளிர்சாதன அறையில் இருப்பவர்களிடம் இதை அதிகம் காண்கிறேன். இரண்டு முறை சிமிட்டினாலோ செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விட்டாலோ சரியாகிவிடும். படத்தின் ஓரத்தில் சமிக்ஞையின் தரத்தைக் குறிக்கும் எண் ஒன்று இருக்கும். அந்த எண் குறைவாக இருந்தால் தடிமன் அளவையும் முழுமையாக நம்பக் கூடாது.

இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. பணியில் சேர்ந்த புதிதில், ஓர் அம்மாவின் விழித்திரை திடீரெனத் தடித்திருப்பதாகக் கருவி காட்டிய எண்ணைச் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன். உண்மையில் அடுக்குகளின் எல்லையைக் கருவி தானாக வரைந்தபோது, விழித்திரைக்கு மேலே மிதந்த ஒரு மெல்லிய சவ்வை விழித்திரையின் மேற்பரப்பு என்று எண்ணிவிட்டது. மருத்துவர் வெட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். ஆனால் அதற்குள் அந்த அம்மா வரவேற்புக் கூடத்தில் ஒரு மணி நேரம் பயந்துகொண்டு அமர்ந்திருந்தார். அன்றிலிருந்து எண்ணைப் பார்ப்பதற்கு முன் கோட்டைப் பார்க்கிறேன்.

அறிக்கையில் சிவப்பு நிறம் வந்திருக்கிறது. நோய் என்று பொருளா?

அறிக்கையில் மூன்று விதமான நிறங்கள் உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான அச்சத்துக்குக் காரணம். குறுக்குவெட்டுப் படத்தில் உள்ள வானவில் நிறங்கள் உண்மையான நிறங்கள் அல்ல. ஒளியை அதிகமாகத் திருப்பியனுப்பும் அடுக்குக்குச் சிவப்பும் குறைவாக அனுப்புவதற்கு நீலமும் கறுப்பும் கருவி பூசியவை. தடிமன் வரைபடத்தில் உள்ள நிறங்கள், நிலப்படத்தில் மலைக்கும் சமவெளிக்கும் வேறு வேறு நிறம் தருவதைப் போன்றவை. மூன்றாவது வகைதான் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரிக்கும் ஒப்பீட்டு நிறங்கள்.

ஒப்பீடு என்றால், கருவியை உருவாக்கிய நிறுவனம் ஆரோக்கியமானவர்கள் சில நூறு பேரின் கண்களை அளந்து வைத்திருக்கும் தொகுப்போடு உங்கள் அளவை ஒப்பிடுவது. உங்கள் வயதையொத்த ஆரோக்கியமானவர்களில் மிகக் குறைந்த 1 விழுக்காட்டினரின் அளவில் நீங்கள் இருந்தால் சிவப்பு. 1க்கும் 5க்கும் இடையில் இருந்தால் மஞ்சள். கணக்கின்படியே, நோயில்லாத 100 பேரில் 5 பேருக்கு மஞ்சளோ சிவப்போ வரத்தான் செய்யும். சிவப்பு என்பது ‘வழக்கத்துக்கு மாறானது’ என்று சொல்கிறது. ‘நோய்’ என்று சொல்வதில்லை.

சிங்கப்பூரில் இது மிக முக்கியம், ஏனென்றால் கிட்டப்பார்வை உள்ள இளையர்களின் விகிதத்தில் உலகிலேயே முன்வரிசையில் இருக்கும் நாடு இது. கிட்டப்பார்வை கூடிய கண் முன்பின்னாக நீண்டிருக்கும். நீண்ட கண்ணில், பார்வை நரம்பாகத் திரளும் இழைகளைக் கொண்ட நரம்பிழை அடுக்கு மெலிந்ததாகப் பதிவாகும். இழைகள் தடித்து ஓடும் இடமும் நெற்றிப்பொட்டுப் பக்கமாக நகர்ந்திருக்கும். அத்தகைய கண்கள் ஒப்பீட்டுத் தொகுப்பில் மிகக் குறைவு என்பதால், முற்றிலும் ஆரோக்கியமான இளையர் ஒருவருக்கும் அறிக்கை சிவந்து வரலாம். கண் மருத்துவர்கள் இதற்குச் ‘சிவப்பு நோய்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இதன் மறுபக்கம் இன்னும் கவனத்துக்குரியது: இயல்பிலேயே தடித்த நரம்பிழை உள்ள ஒருவர் அதில் கணிசமான பகுதியை இழந்த பிறகும் பச்சைக்குள்ளேயே இருக்கக்கூடும். ஆகவே பச்சை வந்துவிட்டது என்று மறுபரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

படத்தில் கறுப்பு ஓட்டைகள் தெரிகின்றனவே, அவை என்ன?

விழித்திரை மையத்தில் தெரியும் பள்ளம் அனைவருக்கும் இயல்பாக உள்ளது. பல கருவிகள் செங்குத்தாக இழுத்துக் காட்டுவதால் அது ஆழமான பள்ளத்தாக்கைப் போலத் தோன்றும். உண்மையில் மிக மெல்லிய சரிவுதான். அடுக்குகளுக்குள் தெரியும் கறுப்புக் குமிழ்கள் வேறு. திரவம் ஒளியைத் திருப்பியனுப்பாது என்பதால் நீர் தேங்கிய இடம் கறுப்பாகத் தெரியும். நீரிழிவால், நம் பேச்சுவழக்கில் சொன்னால் இனிப்புநீரால், இரத்தக் குழாய்கள் கசியும்போது விழித்திரையின் மையம் இப்படித்தான் வீங்குகிறது. சிங்கப்பூரின் மக்கள்தொகை ஆய்வுகளில் இந்தியர்களிடையே நீரிழிவு சீனர்களைவிட அதிகமாகப் பதிவாகியிருப்பதால், நம் குடும்பங்களில் இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு.

இரத்தக் குழாய்களின் கசிவைக் குறைக்கும் மருந்துகளான ரேனிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் முதலியவற்றைக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்துகிறார்கள். நீர் வற்றியதா, திரும்ப ஊறியதா என்பதை ஓசிடி காட்டுவதால், ஊசிகளுக்கு இடைப்பட்ட வாரங்களைக் கூட்டுவதா குறைப்பதா என்று மருத்துவர் தீர்மானிக்கிறார். பார்வை நன்றாக இருக்கிறதே என்று நீங்கள் எண்ணும் நாளிலும் நீர் ஊறத் தொடங்கியிருக்கலாம், நீர் முழுமையாக வற்றிய பிறகும் பார்வை மெதுவாகவே தேறலாம். ஒளியுணரும் செல்களைக் குறிக்கும் பிரகாசமான கோடு அறுபடாமல் இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பது, எவ்வளவு தேறும் என்பதை மதிப்பிடத்தான்.

கண் அழுத்த நோய் இருக்கிறதா என்பதை இது மட்டுமே சொல்லிவிடுமா?

சொல்லாது. குளுக்கோமா என்று அழைக்கப்படும் அந்த நோயில் பார்வை நரம்பைச் சுற்றியுள்ள இழைகள் மெலிவதை ஓசிடி காட்டும், அதுவும் நோயாளி எதையும் உணர்வதற்கு முன்பே காட்டக்கூடும். ஆனால் அழுத்த அளவு, பார்வைப் பரப்புச் சோதனை, மருத்துவர் நரம்பை நேரில் பார்ப்பது ஆகியவற்றோடு சேர்த்தே முடிவு எடுக்க வேண்டும். நோய் முற்றிய நிலையில் இழைகளின் தடிமன் ஓர் அடிமட்டத்துக்குக் கீழே இறங்காது, ஏனென்றால் இரத்தக் குழாய்களும் தாங்கு திசுக்களும் அங்கே எஞ்சியிருக்கும். அப்போது பார்வைப் பரப்புச் சோதனையே வழிகாட்டும். ஆசியர்களிடையே அதிகமாகக் காணப்படும், கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் மூலை அடைபடுகிற மூடுகோண வகைக்கு, கண்ணின் முன்பகுதியைப் படமெடுக்கும் வேறு வகை ஓசிடி உதவுகிறது.

ஓசிடி ஆஞ்சியோகிராஃபி என்கிறார்களே, அதற்கு ஊசி போடுவார்களா?

போடமாட்டார்கள். ஒரே இடத்தை உடனுக்குடன் பல முறை படமெடுத்தால், அசையாத திசு அப்படியே இருக்கும்; ஓடும் இரத்த அணுக்கள் மட்டும் மாறித் தெரியும். அந்த மாற்றத்தைக் கொண்டே குழாய்களின் வரைபடம் உருவாகிறது. கையில் சாயம் ஏற்றி எடுக்கும் பழைய பரிசோதனை வேறு. அதில் தோலும் சிறுநீரும் ஒரு நாள் மஞ்சளாக இருக்கும். கசிவைக் காண அது இன்றும் தேவைப்படுகிறது.

சென்னையில் எடுத்த படத்தை இங்கே ஒப்பிட முடியுமா?

படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியும். எண்ணை எண்ணோடு ஒப்பிடக் கூடாது. விழித்திரையின் கீழ் எல்லையை ஒவ்வொரு கருவியும் வெவ்வேறு அடுக்கில் வைத்து அளக்கிறது. பழைய தலைமுறைக் கருவிகள் ஏறத்தாழ 200 மைக்ரான் என்று அளந்த ஆரோக்கியமான மையத்தை, புதிய கருவிகள் 250க்கும் 280க்கும் இடையில் அளக்கின்றன. கண் வீங்கவில்லை, அளவுகோல் மாறியிருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அங்கே பரிசோதித்துக்கொள்பவர்கள், கருவியின் பெயர் தெரியும்படி முழு அறிக்கையையும் வாங்கி வாருங்கள். இங்கே தொடர்ந்து பார்ப்பதாயிருந்தால், முடிந்தவரை ஒரே இடத்தில் ஒரே கருவியில் எடுத்துக்கொள்ளுங்கள். ஓசிடியின் உண்மையான பலம், போன முறை எடுத்த அதே கோட்டில் இந்த முறையும் வெட்டி, 5 மைக்ரான், 10 மைக்ரான் மாற்றத்தைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. முதல் படம் அழகாக இருப்பதைவிட, அடுத்த படம் அதனோடு பொருந்துவது முக்கியம்.

செலவு எவ்வளவு ஆகும்?

பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குச் சென்றால் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம் பொருந்தும். தனியார் மருந்தகத்தில் முழுக் கட்டணம். இரண்டு கண்களுக்கும் சேர்த்தா, தனித்தனியாகவா என்பதை முகப்பில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓசிடி நன்றாக இருந்தால் கண் முழுவதும் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

கூடாது. வழக்கமான ஓசிடி விழித்திரையின் மையத்தையும் பார்வை நரம்பையும் சுற்றிய சிறிய பரப்பையே எடுக்கிறது. விழித்திரையின் ஓரத்தில் விழும் கிழிசல் அதில் தெரியாது. கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்கு அத்தகைய கிழிசல் வர வாய்ப்பு அதிகம். கண்ணுக்குள் திடீரென மின்னல் வெட்டுவது போலத் தோன்றினாலும், கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலும், ஒரு பக்கத்திலிருந்து திரைச்சீலை இறங்குவது போல மறைத்தாலும், போன மாதம் எடுத்த ஓசிடி நன்றாக இருந்ததே என்று காத்திருக்காமல், அடுத்த சந்திப்புத் தேதி வரை தள்ளாமல், அன்றைக்கே கண்ணுக்கான அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். நேர்க்கோடுகள் திடீரென வளைந்து தெரிந்தாலும் அவ்வாறே செய்யுங்கள். செல்லும்போது பழைய அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள்.